தாத்தாவின் உளிப்பெட்டியில் பெயர் இருக்கும் அமெரிக்கத் தச்சரின் குடும்பத்தைக் கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள்

தச்சன்பேத்தி (காட்பாடி):

அனைவருக்கும் வணக்கம். தாத்தா, அப்பா, இப்போது தம்பி என்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தச்சு வேலை. நான் மட்டும் டீச்சர் வேலைக்குப் போய்விட்டேன். பட்டறையில் ஒரு பழைய மரப்பெட்டி இருக்கிறது. அதில் ஒரு இரும்பு இழைப்புளி, இரண்டு ரம்பம், ஒரு மூலைமட்டம், ஐந்து உளி. எல்லாம் அமெரிக்கச் சாமான். ஒவ்வொன்றின் மரக்கைப்பிடியிலும் ஒரே பெயர் ஆங்கிலத்தில் அச்சுக் குத்தியிருக்கிறது. அவருடைய பேரப்பிள்ளைகள் உயிரோடு இருக்கலாம் என்பதால் பெயரை இங்கே போடவில்லை. கேட்டால் டச்சுப் பெயர் மாதிரி இருக்கும், முன்னால் 'வான் டெர்' என்று வரும்.

தாத்தா அவரைத் 'துரை' என்று மட்டும்தான் சொல்வார். வேலூர் பாகாயத்தில் மெடிக்கல் ஸ்கூல் கட்டடங்கள் எழும்பிய காலத்தில், இருபது வயதுப் பையனாகத் தாத்தா அவரிடம் வேலை பழகினாராம். ஊருக்குத் திரும்பும்போது துரை பெட்டியை அப்படியே கொடுத்துவிட்டுப் போனார் என்பது எங்கள் வீட்டுக் கதை. "துரை இப்படித்தான் பிடிப்பார்" என்று இடது கை மோதிர விரலை மடக்கிக்கொண்டு தாத்தா இழைப்புளியைப் பிடித்துக் காட்டுவதை அப்பா இன்றும் செய்து காட்டுகிறார். அந்த விரல் துரைக்குப் பாதிதான் இருந்ததாம்.

பெட்டியின் அடித்தட்டில் ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. அமெரிக்கத் தச்சர் சங்கத்தின் சந்தாப் புத்தகம். மாதாமாதம் ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறது. கடைசி ஸ்டாம்பு 1926 ஜூலை. ஊர்ப் பெயர் 'கிராண்ட் ரா' வரைக்கும் தெரிகிறது, மீதியைக் கரையான் தின்றுவிட்டது.

அப்பாவுக்கு 81 வயது. அந்த இழைப்புளியால்தான் எங்களுக்குச் சோறு. அந்தத் துரை யார், அவருக்குப் பிள்ளைகள் உண்டா, இந்தச் சாமான் இன்னும் வேலை செய்கிறது என்று அவர்களிடம் சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

ஆரணிப் பட்டறை:

தங்கச்சி, முதலில் சாமானையே கேளுங்கள், அது பேசும். இழைப்புளியின் அலகைக் கழற்றிவிட்டு, அது சாய்ந்து நிற்கிற இரும்புத் துண்டுக்குப் பின்னால் அடிக்கட்டையில் பாருங்கள். ஸ்டான்லி கம்பெனியுடையது என்றால் காப்புரிமைத் தேதிகள் வார்ப்பிலேயே இருக்கும். 1902-க்கு இரண்டும் 1910-க்கு ஒன்றுமாக மூன்று தேதி இருந்தால், அது 1910-க்குப் பிறகு, ஏறக்குறைய 1918-க்குள் வார்த்தது. ரம்பம் டிஸ்டன் கம்பெனி என்றால் கைப்பிடியில் பித்தளை வில்லை ஒன்று இருக்கும். வில்லையின் எழுத்து காலத்துக்குக் காலம் மாறியது, அதை வைத்தும் வருஷத்தை நெருங்கலாம்.

அந்த ஊரில் கட்டட வேலைக்குப் போகிற தச்சர்கள் சாமான் களவு போகாமல் இருக்கப் பெயர் அச்சு செய்து வைத்துக்கொண்டு கைப்பிடியில் அடித்துவிடுவார்கள். ஒரே கைப்பிடியில் இரண்டு பெயர் இருந்தால் கைமாறிய சாமான். உங்களிடம் எல்லாவற்றிலும் ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பெட்டி. ஆனால் ஒன்று. பெயர் இருப்பதால் மட்டும் அவர் வேலூருக்கு வந்தார் என்று ஆகாது. சாமான் மட்டும் கப்பலேறி வந்திருக்கலாம். தாத்தா சொன்னதை நான் மறுக்கவில்லை, சாட்சி தேடுங்கள் என்கிறேன்.

தயவுசெய்து அந்தக் கைப்பிடிகளுக்கு உப்புத்தாள் போட்டுவிடாதீர்கள். அச்சு போய்விடும்.

குடியாத்தம் டூ மிச்சிகன்:

அக்கா, அது கிராண்ட் ராபிட்ஸ் ஆகத்தான் இருக்கும். நான் இங்கே பக்கத்தில்தான் நர்ஸாக வேலை செய்கிறேன். நாற்காலி மேசை செய்வதற்குப் பேர்போன ஊர். டச்சுக்காரர்கள் கூட்டமாக வந்து குடியேறிய இடம். 1911-ல் இங்கே ஃபர்னிச்சர் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் வேலூர்ப் பக்கம் வேலை செய்த அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷனான ஆற்காடு மிஷன் எந்தச் சபையோ, டச்சுக்காரர்கள் வழி வந்த அதே ரிஃபார்ம்டு சபை இந்தப் பக்கம் முழுக்க இருக்கிறது. ஆகவே அந்த ஊர்த் தச்சர் ஒருவர் வேலூர் வரை வந்தார் என்றால் நம்பக்கூடியதுதான்.

ஃபேமிலிசர்ச் என்ற தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்குங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக எழுதிய தாள்களையே பார்க்கலாம். 72 வருஷம் கழித்துத்தான் திறப்பார்கள். 1950-க்கு உரியது 2022 ஏப்ரலில் திறந்தது, அதுதான் இப்போதைக்குக் கடைசி. 1920-லிருந்து தொடங்குங்கள். அதில் எந்த வருஷம் அமெரிக்கா வந்தார், எந்த வருஷம் குடியுரிமை பெற்றார் என்று கேட்டிருப்பார்கள். 1940-ல், ஐந்து வருஷத்துக்கு முன், அதாவது 1935 ஏப்ரல் 1 அன்று எங்கே குடியிருந்தீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. உங்களுக்கு அது ரொம்ப முக்கியம்.

பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். 'வான் டெர்' என்பதைச் சேர்த்து ஒரு தரம், பிரித்து ஒரு தரம், அதை விட்டுவிட்டு ஒரு தரம் தேடுங்கள். ஊரில் யான் என்றிருந்தவர் இங்கே ஜான் ஆகியிருப்பார், ஹென்ட்ரிக் ஹென்றி ஆகியிருப்பார்.

அடுத்தது போல்க் கம்பெனி வருஷாவருஷம் போட்ட ஊர் டைரக்டரி. ஆள் பெயர், அடைப்புக்குள் மனைவி பெயர், தொழில், தெரு எல்லாம் ஒரே வரியில் இருக்கும். எந்த வருஷம் பெயர் காணாமல் போகிறது, எந்த வருஷம் திரும்ப வருகிறது என்று பாருங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பங்கள் 1925 வரைதான் இணையத்தில் கிடைக்கும். உங்கள் புத்தகம் 1926 வரை போவதால் அது உதவாது.

இன்னும் ஒன்று, இதைக் கட்டாயம் பாருங்கள். 1942 ஏப்ரல் 27 அன்று 45 முதல் 64 வயது வரை உள்ள ஆண்கள் எல்லோரும் உலகப் போருக்கான அரசுப் பதிவில் பெயர் பதிய வேண்டியிருந்தது, ஆளுக்கு ஒரு அட்டை. தென்மாநிலங்கள் பலவற்றின் அட்டைகள் அழிந்துவிட்டன, மிச்சிகனுக்கு இருக்கிறது. 'உங்கள் விலாசம் எப்போதும் தெரிந்த ஒருவர்' என்று முன்பக்கத்தில் ஒரு கட்டம். பின்பக்கத்தில் உயரம், கண் நிறம், அப்புறம் உடம்பில் உள்ள அடையாளம். விரல் விஷயம் சொன்னீர்களே, அதனால் சொல்கிறேன்.

ராணிப்பேட்டை ஓய்வு:

மகளே, நான் சபை ரெஜிஸ்டர்களைப் பல வருஷம் கையில் வைத்திருந்தவன். மிஷன் என்றால் வருஷாந்தர அறிக்கை உண்டு. ஆனால் அதில் பெயர் வருவது பெரும்பாலும் மிஷனரிகளுக்குத்தான். சம்பளத்துக்கு வந்த தச்சர், கொத்தனார், அவர் வெள்ளைக்காரரே ஆனாலும், ஒரு வரியில் அடங்கிப்போவார். அல்லது 'ஒரு மேஸ்திரி' என்று பெயரில்லாமல் போவார். அதனால் பட்டியலில் பெயர் இல்லை என்று மனம் விடாதே. கட்டடக் கணக்கு, கூலிக் கணக்கு, கடிதம், இவற்றில் தேட வேண்டும். அந்தச் சபையின் காகிதங்கள் நியூ ஜெர்சி மாநிலம் நியூ பிரன்ஸ்விக்கில் அவர்களுடைய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பணிவாக ஒரு கடிதம் எழுது. பாகாயம் வளாகம் திறந்தது 1932. அதற்கு முந்தைய நாலைந்து வருஷத்தைக் குறிப்பிட்டுக் கேள்.

இன்னொன்று. தாத்தா ஞானஸ்நானம் பெற்றவரா? திருமணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் பார்த்தாயா? கூட வேலை செய்தவர்கள் சாட்சி போடுவது இங்கே வழக்கம்.

தச்சன்பேத்தி (காட்பாடி):

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். பரீட்சைத்தாள் திருத்தும் வேலை. இரவில்தான் தேட முடிந்தது.

ஆரணி அண்ணா, அலகைக் கழற்றிப் பார்த்தோம். நீங்கள் சொன்ன இடத்திலேயே மூன்று தேதி. தம்பி டார்ச் பிடிக்க, அப்பா பல்துலக்கும் பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அறுபது வருஷம் தள்ளிய சாமான், அதற்குள் எழுத்து இருப்பது அவருக்கே தெரியாது.

ஐயா, தாத்தா கல்யாணம் நடந்தது அம்மன் கோயிலில். அந்த வழி எங்களுக்கு இல்லை.

தங்கை சொன்ன மாதிரி 1920-லிருந்து தொடங்கினேன். அந்தப் பெயரில் கிராண்ட் ராபிட்ஸில் மூன்று பேர். ஒருவர் மளிகைக்கடைக்காரர், இன்னொருவர் சின்னப் பையன். மூன்றாமவர் தச்சர், வீடு கட்டும் வேலை, பிறந்தது நெதர்லாந்து. மனைவி, ஒரு மகள், ஒரு மகன். மகளுக்கு அப்போது நாலு வயது.

1930-ல் அவர் இல்லை. அதே தெரு, அதே கதவு எண். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் மனைவி பெயர் இருக்கிறது. ஆனால் விதவை என்று போடவில்லை, மணமானவர் என்றுதான் குறி. வீட்டில் ரேடியோ இருக்கிறதா என்று அந்த வருஷம் கேட்டிருக்கிறார்கள், அந்தக் கட்டம் காலி. மகளுக்குப் பதினாலு. நான் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இங்கே என் தாத்தாவுக்கு மூலைமட்டம் பார்க்கக் கற்றுக்கொடுத்த நேரத்தில் அங்கே ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்திருக்கிறார். இது எங்கள் வீட்டுக் கதையில் ஒருநாளும் வரவில்லை.

1940-ல் அவர் திரும்ப இருக்கிறார். 1935-ல் எங்கே என்ற கேள்விக்கு 'அதே வீடு' என்று பதில். ஆக 1926-க்கும் 1935-க்கும் நடுவில்தான் அவர் வெளியே இருந்திருக்கிறார், 1930 ஏப்ரலில் வீட்டில் இல்லை. பாகாயம் கணக்கோடு ஒத்துப்போகிறது, ஆனால் வேலூர் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அப்புறம் 1942 அட்டை. கையெழுத்து நடுக்கமில்லாமல் சாய்வாக இருக்கிறது. பின்பக்கம் திருப்பினேன். அடையாளம் என்ற இடத்தில், இடது கை, மூன்றாம் விரல், நுனி இல்லை என்று எழுதியிருக்கிறது. அவர்கள் கட்டைவிரலை எண்ணுவதில்லையாம், மூன்றாம் விரல் என்றால் மோதிர விரல்தான். அப்பாவைக் கூப்பிட்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இடது கையைத் தூக்கி அந்த விரலை மடக்கிக்கொண்டார்.

விலாசம் தெரிந்தவர் என்ற கட்டத்தில் மகளின் பெயர், கல்யாணத்துக்குப் பிறகான குடும்பப் பெயரோடு இருக்கிறது. இங்கேதான் நிற்கிறேன்.

குடியாத்தம் டூ மிச்சிகன்:

அக்கா, படித்துவிட்டு டியூட்டி ரூமில் அழுதுவிட்டேன். தச்சர்களுக்கு விரல் போவது சகஜம்தான், ஆனால் அதே பெயர், அதே ஊர், அதே விரல் என்றால் எனக்குச் சந்தேகமில்லை. மகளின் குடும்பப் பெயர் கிடைத்தது பெரிய விஷயம். இனி இரங்கல் செய்தி தேட வேண்டும். இந்த ஊர்ப் பத்திரிகைகளில் ஒருவர் இறந்தால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் போடுவார்கள். பொது நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுப் பிரிவு இருக்கிறது, எனக்கு லீவு நாளில் நானே போகிறேன். பெயரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். அவர் திரும்பி வந்த கப்பல் பட்டியலும் பார்க்கலாம். குடியுரிமை பெற்றவர்களைத் தனித் தாளில் வீட்டு விலாசத்தோடு எழுதியிருப்பார்கள், நியூயார்க்கில் இறங்கியவர்களுக்கு 1957 வரை இருக்கிறது.

தச்சன்பேத்தி (காட்பாடி):

பெயர் அனுப்பிவிட்டேன் தங்கச்சி. நியூ பிரன்ஸ்விக்குக்கும் கடிதம் எழுதிவிட்டேன், ராணிப்பேட்டை ஐயா சொன்னபடி வருஷம் குறித்து. குடும்பத்தார் கிடைத்தால் முதலில் என்ன அனுப்புவது என்று அப்பாவிடம் கேட்டேன். சந்தாப் புத்தகத்தை அவர்களுக்கே கொடுத்துவிட வேண்டும், அது அவர்கள் வீட்டுச் சொத்து என்றார். இழைப்புளியைத் தர மனசில்லை. அதற்குப் பதில் ஒரு தேக்குப் பலகையில் அதைத் தள்ளி, சுருண்டு விழுந்த சீவலில் ஒன்றை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறார். கடிதத்தோடு வைக்கச் சொல்லி.

கிழியாமல் எப்படி அனுப்புவது என்றுதான் இப்போது யோசிக்கிறேன்.