கிராஃபீன் படலத்தின் சீபெக் கெழு முழுதாகத் திரும்பவில்லை: உதவி தேவை

வேலூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், ஒடுக்கப்பட்ட (ஆக்சிஜன் பெரும்பாலும் நீக்கப்பட்ட) கிராஃபீன் ஆக்சைடு படலத்தின் சீபெக் கெழுவை, அதாவது ஒரு கெல்வின் வெப்பநிலை வேறுபாட்டுக்கு எழும் மின்னழுத்தத்தை, அளந்து வருகிறோம். காற்றில் கெல்வினுக்குச் சுமார் +20 மைக்ரோவோல்ட் காட்டும் படலம், வெற்றிடத்தில் 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கியபின் எதிர்க்குறிக்குச் சென்றுவிடுகிறது. மீண்டும் காற்றில் வைத்தால் நேர்குறிக்கு வந்தாலும், பழைய மதிப்பில் பாதியைத் தாண்டுவதில்லை.

படலம் கண்ணாடித் தகட்டில் துளியிட்டு உலர்த்தி, ஹைட்ரோஅயோடிக் அமிலத்தால் ஒடுக்கப்பட்டது. கே வகை வெப்பமின் இரட்டைகளும் கீத்லி 2182ஏ நானோவோல்ட்மீட்டரும் பயன்படுத்துகிறோம். கத்திரி வெயிலில் தொடங்கிய இச்சிக்கல், ஈரப்பதம் மிகுந்த ஐப்பசி மழையிலும் மாறவில்லை.

வெள்ளிப் பசைக்குப் பதில் தங்க மின்முனைகள் வைத்தோம். முனைகளை இடம் மாற்றினோம். ஒற்றை அளவீட்டை நம்பாமல், பல வெப்பநிலை வேறுபாடுகளில் மின்னழுத்தத்தை அளந்து சரிவிலிருந்தே கெழுவைக் கணித்தோம். அதே அமைப்பில் கான்ஸ்டன்டன் தகடு நூல்களில் உள்ள மதிப்பையே தருவதால், கருவியை நான் ஐயுறவில்லை.

படலத்தில் ஒட்டியுள்ள ஆக்சிஜனும் நீரும் எலக்ட்ரான்களை ஈர்த்துத் துளைகளைப் (எலக்ட்ரான் இல்லாததால் நேர்மின்சுமை போல நடக்கும் இடங்களை) பெருக்குகின்றன; துளைகள் மிகுந்தால் கெழு நேர்குறி, எலக்ட்ரான்கள் மிகுந்தால் எதிர்க்குறி என்பதால், வெற்றிடத்தில் குறி மாறுவது இயல்பே. திரும்பாத அந்தப் பாதிதான் புரியவில்லை. அமிலத்திலிருந்து தங்கிய அயோடினும் துளைகளைக் கூட்டக்கூடியது; அது சூட்டில் வெளியேறியிருக்கலாம், அல்லது எஞ்சியிருந்த ஆக்சிஜன் தொகுதிகள் சிதைந்திருக்கலாம்.

மேற்பரப்பில் உள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலை வசதி இல்லாமல், இவ்விரண்டையும் பிரித்தறிய எந்தச் சோதனையைச் செய்யலாம்?