பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய முன்னோரின் சொந்த ஊரை உறுதிசெய்வது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது, பென்சில்வேனியாவின் லெபனான் மாவட்டத்தில் பல தலைமுறைகளாக வேளாண்மை செய்துவந்த ஒரு ஜெர்மானிய வழிக் குடும்பத்தில். எங்கள் பக்கத்து வம்சாவளியைப் பேரப்பிள்ளைகளுக்காக எழுதி முடித்துவிட்டேன். அவர்களுடைய தந்தை வழியையும் அதே அக்கறையோடு எழுதிவைக்க வேண்டும் என்பது என் விருப்பம். சம்பந்தி வீட்டாரும் தங்களிடமிருந்த பழைய காகிதங்களின் படிகளை மனமுவந்து அனுப்பியிருக்கிறார்கள்.

குடும்பப் பெயர் இப்போது ஸ்னைடர் என்று எழுதப்படுகிறது. அமெரிக்காவுக்கு வந்த முதல் முன்னோரின் பெயர் யாக்கோப். அவர் 1774இல் எழுதிய உயிலின் ஆங்கிலப் படி ஒன்று இருக்கிறது. அதில் மனைவியின் பெயர் அன்னா மரியா என்று மட்டும் உள்ளது; அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் இல்லை. 1740களைச் சேர்ந்த நில அளவை வரைபடத்தின் படி ஒன்றும் கிடைத்தது. யாக்கோப் ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பலேறினார் என்று குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள்.

இணையத்தில் பலர் பதிவேற்றியுள்ள வம்சாவளி மரங்களில், இவர் தென்மேற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில் 1715இல் பிறந்ததாக இருக்கிறது. ஆனால் எந்த மரத்திலும் அதற்கான ஆதாரம் காட்டப்படவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் அப்படியே எடுத்துக்கொண்டதாகவே தெரிகிறது. ஃபிலடெல்ஃபியா கப்பல் பட்டியல்களைப் பார்த்தால், அந்தக் காலத்தில் இதே பெயருடன் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வந்திறங்கியிருக்கிறார்கள். அவர்களில் எங்கள் யாக்கோப் யார், அவருடைய சொந்த ஊர் எது என்பதை எந்த வழியில் உறுதிசெய்வது? மரபணுச் சோதனை இதற்கு உதவுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

முதல் பதில்

வணக்கம் அம்மா. ஆதாரமில்லாத மரங்களை ஏற்காமல் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய முதல் குணம் அதுதான். நான் சொல்ல விரும்புவதும் அதையொட்டியதே: கடலைத் தாண்டி ஜெர்மானியக் கிராமங்களில் தேடுவதற்கு முன்னால், பென்சில்வேனியாவில் யாக்கோப் விட்டுச்சென்ற தடயங்கள் அனைத்தையும் திரட்டி முடியுங்கள். பெயர் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால், ஊருக்கு ஊர் ஒரு யாக்கோப் ஷ்னைடர் (ஸ்னைடர் என்பதன் ஜெர்மன் வடிவம்) கிடைப்பார். எவரையும் உங்களவர் என்று நிறுவ முடியாது.

ஹாம்பர்க் செய்தியை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் பாலட்டினேட், பாடன், வூர்ட்டம்பெர்க் பகுதிகளிலிருந்து புறப்பட்டவர்கள் பெரும்பாலும் ரைன் ஆற்றின் வழியாக ராட்டர்டாம் சென்று, அங்கே கப்பலேறி, கௌஸ் போன்ற ஆங்கிலத் துறைமுகம் ஒன்றில் நின்று, பிறகு ஃபிலடெல்ஃபியாவை அடைந்தார்கள். ஹாம்பர்க் வழியாகப் பெருந்திரளாக மக்கள் புறப்பட்டது 19ஆம் நூற்றாண்டில்தான். அத்துறைமுகத்தின் பயணியர் பட்டியல்களும் 1850இலிருந்துதான் உள்ளன. பின்னாளில் வந்த வேறொரு கிளையின் நினைவு இவர் கதையோடு கலந்திருக்கலாம்.

கப்பல் பட்டியல்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வந்திறங்கும் அயல்நாட்டு ஆண்கள் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்று பென்சில்வேனியா ஆட்சிமன்றம் 1727 செப்டம்பரில் முடிவு செய்தது. அவ்வாண்டு ராட்டர்டாமிலிருந்து வந்த 'வில்லியம் அண்ட் சாரா' என்ற கப்பலில் அந்த நடைமுறை தொடங்கியது. ஒரு கப்பலுக்கு மூன்று பட்டியல்கள் வரை இருக்கலாம்: கப்பல் தலைவர் கொடுத்த பெயர்ப் பட்டியல் ஒன்று, பிரமாணம் செய்தவர்கள் கையொப்பமிட்டவை இரண்டு. கையொப்பமிட்டவர்கள் 16 வயது நிரம்பிய ஆண்கள் மட்டுமே. பெண்களையும் பிள்ளைகளையும் தலைவரின் பட்டியல்கள் சிலவற்றில்தான் காணலாம். ஆகவே யாக்கோப் சிறுவனாகப் பெற்றோருடன் வந்திருந்தால், அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாமலே போயிருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது கையொப்பம். இந்தப் பட்டியல்களை ஸ்ட்ராஸ்பர்கரும் ஹிங்கியும் தொகுத்து 1934இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். இரண்டாம் தொகுதி முழுவதும் அசல் கையொப்பங்களின் உருநகல்களே. எழுதத் தெரிந்தவர் ஜெர்மன் எழுத்தில் தம் கைப்படவே கையொப்பமிட்டார். எழுதத் தெரியாதவருக்காக எழுத்தர் பெயரை எழுத, அவர் அதனருகே குறி மட்டும் இட்டார். உங்களிடம் இருக்கும் உயில் படி, மாவட்டப் பதிவேட்டில் எழுத்தர் பெயர்த்தெழுதியதாக இருக்கக்கூடும். அதில் காணப்படும் கையொப்பம் எழுத்தருடைய கையெழுத்தே. உயிலின் அசல் தாள் கோப்பில் பாதுகாக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு, அதன் படத்தை வாங்குங்கள். முதல் எழுத்தின் வளைவு, பெயரைச் சுருக்கும் முறை, இரு சொற்களுக்கு இடையில் விடும் இடம் ஆகியவற்றைக் கப்பல் பட்டியலின் கையொப்பங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடலாம். முப்பது ஆண்டுகளில் ஒருவருடைய கை தளர்ந்திருக்கும் என்றாலும், எழுத்துப் பழக்கம் முற்றிலும் மாறிவிடுவதில்லை. உயிலில் தெளிவாகக் கையொப்பமிட்டவர், கப்பல் பட்டியலில் வெறும் குறியிட்டவராக இருப்பதற்கு வாய்ப்பு குறைவு. அந்த ஒரு சோதனையிலேயே சிலர் விலகிவிடுவார்கள்.

இன்னொரு செய்தி. லெபனான் மாவட்டம் உருவானது 1813இல்தான். அதற்கு முன் அந்நிலப்பகுதி லான்காஸ்டர் மாவட்டத்திலும், 1785க்குப் பிறகு ஒரு பகுதி டாஃபின் மாவட்டத்திலும் இருந்தது. ஆகவே 1774ஆம் ஆண்டு உயிலை லான்காஸ்டரில்தான் தேட வேண்டும். நில ஆவணங்கள் ஹாரிஸ்பர்கிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நிலம் கோரிப் பெற்ற ஆணை, அளவை, இறுதிப் பட்டயம் என்று மூன்று படிகளில் நிலம் ஒருவருக்கு உரிமையாயிற்று. ஆணை பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கே குடியிருந்து உழுதவர்கள் உண்டு. ஆகவே ஆணையின் தேதியை அவர் வந்த ஆண்டாகக் கொள்ள வேண்டாம். அளவை வரைபடத்தை மீண்டும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். மூலைகளில் எல்லைக் குறிகளாக வெள்ளை ஓக், ஹிக்கரி போன்ற மரங்களும், எல்லைக் கோடுகளுக்கு வெளியே அடுத்த நிலத்துக்காரர்களின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயர்கள் ஒன்றையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் அடுத்தடுத்து நிலம் எடுப்பது அன்று வழக்கமாக இருந்தது.

அடுத்து ஞானஸ்நானப் பதிவுகள். லூத்தரன் போதகர் யோஹான் காஸ்பர் ஸ்டோவர் அந்தப் பகுதி முழுவதும் பயணம் செய்து, தாம் கொடுத்த ஞானஸ்நானங்களையும் நடத்திய திருமணங்களையும் 1730 முதல் 1779 வரை சொந்தப் பதிவேட்டில் எழுதிவைத்தார். அது அச்சிலும் வந்திருக்கிறது. குடும்பம் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்ததாக இருந்தால் அச்சபையின் ஏடுகளைப் பாருங்கள். மொராவியர் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினரோடு தொடர்பு இருந்திருந்தால் அது பெரும் பேறு. அவர்கள் உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்பைப் பிறந்த ஊரோடு எழுதிவைக்கும் வழக்கமுடையவர்கள். பெத்லஹேமிலுள்ள மொராவியர் காப்பகத்தில் அவை உள்ளன. ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயரைவிட, அதற்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோரின் பெயர்களே உங்களுக்கு முக்கியம். பெரும்பாலும் அவர்கள் தாயின் உடன்பிறந்தார், தந்தையின் உடன்பிறந்தார், அல்லது பழைய ஊரின் அண்டை வீட்டார்.

இரண்டாம் பதில்

மேலே நண்பர் சொன்னவற்றோடு ஜெர்மானியப் பக்கத்து நடைமுறையையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பெயர் வழக்கு. அக்காலத்து ஜெர்மானியர் ஆண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர் இட்டார்கள். முதல் பெயர் பெரும்பாலும் யோஹான். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி அனைவருக்கும் அது இருக்கும். அன்றாடம் அழைக்கப்பட்டது இரண்டாம் பெயரால். ஆகவே கிராமப் பதிவேட்டில் உங்கள் முன்னோர் யோஹான் யாக்கோப் என்றே எழுதப்பட்டிருக்கலாம். வெறும் யோஹான்னஸ் என்று பதிவானவரை அவராகக் கொண்டுவிடக் கூடாது.

தேதிகளிலும் கவனம் தேவை. ஜெர்மானிய புராட்டஸ்டன்ட் நாடுகள் 1700இல் புதிய நாட்காட்டிக்கு மாறின. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752இல்தான் மாறின. இடைப்பட்ட காலத்தில் இரண்டுக்கும் 11 நாள் வேறுபாடு உண்டு. மேலும், 1752க்கு முன் ஆங்கில முறைப்படி ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது என்பதால், 1739 பிப்ரவரி என்று எழுதப்பட்டது நம் கணக்கில் 1740 ஆகலாம். பிறப்பிலும் வருகையிலும் ஓராண்டு முரண்பட்டால் உடனே ஆளையே மாற்றிவிட வேண்டாம்.

பாடன், வூர்ட்டம்பெர்க் பகுதிகளின் புராட்டஸ்டன்ட் சபைப் பதிவேடுகள் ஆர்க்கியோன் என்ற கட்டண இணையதளத்தில் படிமங்களாகக் கிடைக்கின்றன. குர்ரென்ட் என்னும் பழைய கையெழுத்தை வாசிக்கச் சிறிது பயிற்சி வேண்டும். எழுத்து வடிவங்களை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால், ஆட்பெயர்களையாவது விரைவில் இனங்காண முடியும். சில ஊர்களில் போதகர் குடும்பப் பதிவின் ஓரத்தில் 'பென்சில்வேனியாவுக்குச் சென்றார்' என்று எழுதியிருப்பார். அப்படி ஒரு வரி கிடைத்துவிட்டால், அதைவிட வலுவான சான்று அரிது.

கிடைக்காவிட்டால் எதிர்மறைச் சோதனையைச் செய்தே தீர வேண்டும். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான். 1715இல் பிறந்ததாகச் சொல்லப்படும் அந்தக் குழந்தை அதே ஊரில் சிறுவயதிலேயே இறந்ததா என்று இறப்புப் பதிவேட்டில் பாருங்கள். வளர்ந்து அங்கேயே மணம் செய்து பிள்ளை பெற்றாரா என்று திருமணப் பதிவிலும் ஞானஸ்நானப் பதிவிலும் பாருங்கள். 1760இல் அவர் அதே ஊரில் அடக்கம் செய்யப்பட்டிருந்தால், இணையத்திலுள்ள அத்தனை மரங்களும் ஒரே நொடியில் சாய்ந்துவிடும். குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு அவர் குடும்பத்தைப் பற்றி ஒரு பதிவும் இல்லையென்றால்தான் அவர் ஊரைவிட்டுப் போனார் என்ற ஊகத்துக்கு இடமுண்டு.

சபை ஏடுகள் இல்லாத ஊர்களும் உண்டு. 1689இல் பிரெஞ்சுப் படைகள் ஸ்பெயர், வோர்ம்ஸ், மான்ஹைம் நகரங்களை எரித்த போரில் பாலட்டினேட்டின் பல ஆவணங்கள் அழிந்தன. அங்கே அரசு ஆவணங்களை நாடலாம். பண்ணையடிமை நிலையில் இருந்தவர்கள் வெளியேறுவதற்கு விடுதலைக் கட்டணமும், கொண்டுசெல்லும் சொத்தில் ஒரு பங்கு வரியும் செலுத்த வேண்டியிருந்ததால், அந்தக் கணக்குகளில் போனவரின் பெயரும் சேருமிடமும் பதிவாகியிருக்கும். கார்ல்ஸ்ரூவிலும் ஸ்பெயரிலும் உள்ள காப்பகங்களில் இவற்றைத் தேடலாம்.

மரபணுச் சோதனையில் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். ஒன்பது தலைமுறைக்கு முந்தைய ஒருவரிடமிருந்து வரும் மரபணுப் பங்கு சராசரியாக 512இல் ஒன்றுதான். ஒன்றுமே வராமலும் போகலாம். தந்தை வழியில் இடையறாது ஆண் வாரிசாக வந்தவர் உங்கள் மருமகன் என்றால், அவருடைய ஒய் குரோமோசோம் சோதனை இரண்டு ஸ்னைடர் குடும்பங்கள் ஒரே வேரைச் சேர்ந்தவையா என்று காட்டும். ஊரின் பெயரை அது சொல்லாது.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சொன்னபடி ஸ்டோவரின் பதிவேட்டைப் பார்த்தேன். யாக்கோபு, அன்னா மரியா தம்பதியின் பிள்ளைகளில் மூவருக்கு ஞானப்பெற்றோராக ஒரே கணவனும் மனைவியும் நின்றிருக்கிறார்கள். அந்தக் கணவரின் பெயர், எங்களிடமுள்ள நில அளவை வரைபடத்தின் மேற்கு எல்லையிலும் எழுதப்பட்டிருக்கிறது. அது அரிதான குடும்பப் பெயர். இனி அவரைத் தேடுவதா, யாக்கோபையே தொடர்வதா?

மூன்றாம் பதில்

அவரைத்தான் தேட வேண்டும் அம்மா. ஷ்னைடர் என்பது தையற்காரரைக் குறிக்கும் தொழிற்பெயர்; ஜெர்மன் பேசும் பகுதி முழுவதும் பரவியிருப்பது. அரிதான பெயருடைய அண்டை வீட்டுக்காரரோ ஒன்றிரண்டு ஊர்களில்தான் இருப்பார். முதலில் அவர் எந்தக் கப்பலில் வந்தார் என்று பாருங்கள். அதே பட்டியலில், குறிப்பாக அவர் பெயருக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளில், ஒரு யாக்கோபு ஷ்னைடர் இருந்தால், நீங்கள் ஐயுற்ற பலருக்குள் அவருக்கே முதலிடம் கொடுக்கலாம். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ப, ட, க ஒலிகள் கொண்ட பெயர்களில் வல்லொலியும் மெல்லொலியும் (p–b, t–d, k–g) ஒன்றுக்கொன்று மாறித் திரிந்திருக்கும். எனவே அரிதான அந்தப் பெயரையும் பல எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டும்.

பிறகு அவருடைய உயில், கல்லறை வாசகம், சபைப் பதிவு ஆகியவற்றில் பிறந்த ஊர் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ஜெர்மன் செய்தித்தாள்களையும் விட்டுவிட வேண்டாம். ஜெர்மன்டவுனில் கிறிஸ்டோஃப் சௌர் 1739இலிருந்து வெளியிட்ட தாளில், முன்பே வந்துவிட்ட அண்ணனையோ மாமனையோ தேடுவோர் சொந்த ஊரின் பெயரோடு அறிவிப்பு கொடுப்பது வழக்கமாக இருந்தது. அவற்றின் சுருக்கங்கள் ஆங்கிலத்தில் தொகுக்கப்பட்டிருக்கின்றன.

அவர் ஊர் தெரிந்ததும், அந்த ஊரிலும் அதைச் சுற்றி நடந்து போகும் தொலைவிலுள்ள ஊர்களிலும் யாக்கோபு, அன்னா மரியா திருமணத்தைத் தேடுங்கள். அன்னா மரியாவின் பிறந்த வீட்டுப் பெயர் அந்த ஞானப்பெற்றோர் வீட்டுப் பெயராகவே இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று பிள்ளைகளுக்குத் தொடர்ந்து நின்றவர்கள் வெறும் அண்டை வீட்டாராக இருப்பது குறைவு. ஆனால் அவர்கள் திருமணம் பென்சில்வேனியாவிலேயே நடந்திருக்கலாம் என்பதால், ஸ்டோவரின் திருமணப் பக்கங்களை முதலில் பார்த்துவிடுங்கள்.

இதற்கிடையில் பேரப்பிள்ளைகளுக்கான ஏட்டில் யாக்கோபின் பிறந்த ஊர் என்ற இடத்தை வெறுமையாக விட்டு, வூர்ட்டம்பெர்க் கிராமத்தின் பெயரைப் பென்சிலால் 'மெய்ப்பிக்கப்படவில்லை' என்ற குறிப்போடு எழுதிவையுங்கள். ஞானப்பெற்றோரின் குடும்பப் பெயரையும் கப்பலின் பெயரையும் இங்கே பதிவிட்டால், உருநகல் தொகுதியில் அந்தப் பக்கத்தை நானும் பார்த்துச் சொல்கிறேன்.