குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) போடும்போது குறுக்கே வந்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல்வாசி:
போன மாதம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறி உட்கார்ந்ததும் பையிலிருந்து யானைக்குட்டியை எடுத்தேன். அமிகுருமிதான், குரோஷேயில் போட்டுப் பஞ்சு அடைக்கும் குட்டிப் பொம்மை, அக்கா மகனுக்கு. தலையைத் தொடங்கியிருந்தேன், உச்சியில் வழக்கம்போல் ஓட்டை. இரண்டு சங்கிலி போட்டு முதல் சங்கிலிக்குள்ளேயே ஆறு சிங்கிள் குரோஷே (குட்டைத் தையல்) போடுவேன். எவ்வளவு இறுக்கினாலும் பஞ்சு எட்டிப் பார்க்கும்.

பக்கத்து இருக்கை மக்சிக் (மலாய் ஆண்டி) அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பாசார் செனி தாண்டியதும் "போலே?" (தரலாமா?) என்று கையை நீட்டினார். நூலை இடது கை விரலில் ஒரு வளையமாகச் சுற்றி, ஊசியை உள்ளே விட்டு, வளையத்தின்மேலேயே ஆறு கண்ணி போட்டார். பிறகு தொங்கிய வால் நூலைப் பிடித்து ஓர் இழு. ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. கம்போங் பாருவில் கதவு திறந்ததும் ஊசியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். தெரிமா காசே என்று ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இதற்குப் பெயர் மேஜிக் ரிங், காணொளி எத்தனையோ பார்த்திருக்கிறேன், என் விரலுக்கு அது வந்து சேர்ந்தது அந்த ரயிலில்தான்.

ஜார்ஜ்டவுன்காரி:
எனக்கு ஒரு நூல் கடையில். தங்கை குழந்தைக்குப் போர்வை, அம்மாவின் பழைய புத்தகத்தைப் பார்த்து. தையலை மட்டும் காணொளியில் கற்றுக்கொண்டேன். சொன்ன வரிசையில் பாதிகூட ஆகவில்லை, வாங்கிய நூல் எல்லாம் தீர்ந்துவிட்டது, போர்வையோ குழந்தையைவிட நீளம். அதே நிறம் தேடிக் கடைக்கு ஓடினேன். சீன ஆண்டி போர்வையை மேசையில் விரித்தார், ஒரு வரிசையின் உயரத்தை நகத்தால் அளந்தார். "புத்தகம் எந்த நாடு?" இங்கிலாந்து. "பார்த்துக் கற்றது?" அமெரிக்கா. அப்போதுதான் எனக்கே உறைத்தது. இங்கிலாந்துப் புத்தகத்தில் டபுள் குரோஷே என்பது அமெரிக்காவில் சிங்கிள். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். குட்டைத் தையல் போட வேண்டிய இடமெல்லாம் நெட்டைத் தையல்! இரண்டு மாத வேலையை அன்றிரவே பிரித்தேன். குறிப்பில் 'சிங்கிள் குரோஷே' என்று இருந்தால் அது அமெரிக்கா, இதை மட்டும் மறக்காதீர்கள்.

பட்டர்வொர்த் அண்ணன்:
தங்கச்சி, கடைசி வரி சரியில்லை. மிகப் பழைய இங்கிலாந்துப் புத்தகங்களிலும் 'சிங்கிள்' வரும், ஆனால் அங்கே அது ஸ்லிப் ஸ்டிச், உயரமே இல்லாத இணைப்புத் தையல். பெயரை நம்பாமல் முன்பக்க விளக்கத்தைப் படியுங்கள்: ஊசியில் எத்தனை முறை நூல் சுற்றச் சொல்கிறது, எத்தனை தடவையாக இழுக்கச் சொல்கிறது. அப்புறம் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று போட்டு அளந்துவிட்டு ஆரம்பியுங்கள். போர்வைக்குப் பத்து நிமிடம் செலவழிப்பதில் தப்பில்லை.

செந்தூல் தங்கச்சிக்கும் சொல்கிறேன். மேஜிக் ரிங் அழகுதான், ஆனால் வாலை ஒட்ட வெட்டினால் இரண்டு தடவை துவைத்ததும் அவிழும். வாலை வளையத்தைச் சுற்றி ஒரு பக்கமாகக் கோத்து, திரும்ப எதிர்ப்பக்கமும் கோத்து விடுங்கள். பஞ்சு தெரிவதற்கு ஓட்டை மட்டும் காரணமில்லை, ஊசி பெரிதாக இருந்தாலும் தெரியும். நூல் உறையில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தால் பொம்மைக்கு 3 அல்லது 3.5 எடுங்கள். பொம்மையைச் சுழலாகப் போட்டுக்கொண்டே போவதால் சுற்று எங்கே முடிகிறது என்று தெரியாது, வேறு நிற நூல் துண்டு ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். நம் ஊர் வேர்வைக்கு அக்ரிலிக் கையில் பிசுபிசுக்கும், பருத்தி நல்லது.

பொம்மைக்குப் பிளாஸ்டிக் கண் வைக்காதீர்கள். நண்பர் மகளின் வாய்க்குள் விரலை விட்டு, நான் வைத்த கண்ணை நானே தோண்டி எடுத்தேன். எச்சில் ஈரத்தோடு அது என் உள்ளங்கையில் கிடந்தது. அன்றிலிருந்து கறுப்பு நூல்தான்.

ஆயர் ஈத்தாம் பேத்தி:
பாட்டி தவறிய பிறகு அலமாரியைக் காலி செய்தோம். பிஸ்கட் தகரத்தில் வெள்ளை நூல் ரோஜாக்கள், இலைகள், எல்லாம் தனித்தனி. எண்ணினேன், 41. "எதையும் முடிக்கவே மாட்டார்" என்று சித்தி குப்பைப் பையில் கொட்டப் போனார். அப்போது அஞ்சலிக்கு வந்திருந்த வயதான கன்னியர் ஒருவர், பாட்டியோடு கான்வென்டில் படித்தவர், ஒரு ரோஜாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதை முடிக்காமல் வைக்கவில்லை அம்மா, ஐரிஷ் குரோஷே இப்படித்தான். பூவெல்லாம் முதலில். பிறகு துணியில் வைத்துத் தைத்து, இடையில் வலை போட்டு இணைக்க வேண்டும்" என்றார். 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது கன்னியர் மடங்களில் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்து, விற்றுச் சாப்பிட்டார்களாம். சித்தி பையைக் கீழே வைத்துவிட்டார். வலை போட எனக்குத் தெரியாது. தகரம் என்னிடம்தான் இருக்கிறது.

செந்தூல்வாசி:
அண்ணா, யானையின் கண்ணைக் கழற்றிவிட்டுக் கறுப்பு நூலில் தைத்துவிட்டேன். பேத்தி அக்கா, ரோஜா இதழின் ஓரம் தொட்டால் தடிப்பாக இருக்கிறதா? உள்ளே கனமான நூலை வைத்து அதன்மேல் போட்டிருப்பார்கள். ஒன்றைப் படம் எடுத்துப் போடுங்கள், பின்பக்கமும் தெரியும்படி.