சிஸ்டர் காட்டிய கறுப்புப் பொருக்கு

ஐப்பசி மழை விட்ட சமயம். வயல் வேலைக்குப் போகிற ஒரு அம்மா, ஆறு நாள் காய்ச்சல். மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டுக்குப் பார்க்கும் வைடால் ரத்தப் பரிசோதனை மட்டும் லேசாக ஏறியிருந்தது. டைபாய்டு என்று முடிவுகட்டி செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டேன். மூன்றாம் நாளும் 103. உடம்பு துடைத்துவிட்டு வந்த சிஸ்டர், "சார், மார்புக்குக் கீழ பீடி சுட்ட மாதிரி ஒரு பொருக்கு இருக்கே, பார்த்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. பெண் நோயாளி கூச்சப்படுவாரே என்று முதுகில் ஸ்டெத் வைப்பதோடு நிறுத்திக்கொள்வது என் பழக்கம். அந்தப் பொருக்குக்கு எஸ்கார் என்று பெயர், உண்ணி மாதிரியான பூச்சிக் குஞ்சு கடித்த இடம். நோய் ஸ்க்ரப் டைஃபஸ். கிருமி செல்லுக்குள் குடியிருப்பதால் நான் போட்ட ஊசி அதைத் தொடவே தொடாது. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை, இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது.

அன்று ஒரு நோட்டு வாங்கினேன். ஓபியில் தெரியாமல் விழித்த விஷயம் தினம் ஒன்று, ராத்திரி அதற்குப் பதில். டாக்டர்களுக்கான தொடர்கல்வியில் ஐந்து வருடத்துக்கு 30 கிரெடிட் சேர்க்க நானும் ஹோட்டல் ஹாலில் உட்கார்ந்தவன்தான். பிரியாணிதான் நினைவிருக்கிறது.

— கிளினிக் வைத்து 24 வருடம்

சார், என்னிடம் வந்தது ஏழு வயதுப் பையன், அதே நோய். டாக்ஸி கொடுத்தால் பல் கறையாகும் என்று பயந்து அசித்ரோமைசின் கொடுத்தேன், தேறிவிட்டான். பிறகு தேடினால், அந்தக் கறை பழைய மருந்தான டெட்ராசைக்ளினின் பாவம். குறுகிய நாள் டாக்ஸிக்கு அந்தப் பயம் வேண்டாமாம். ஒன்பது வருடமாகப் பயிற்சி டாக்டர்களுக்கும் அந்தப் பயத்தையே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். புதுசு படிப்பது சுலபம் சார், படித்ததை அழிப்பதுதான் வதை.

— ஆரம்ப சுகாதார நிலையம்

தீவிர ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸி, அசித்ரோ இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல். வேலூர் சிஎம்சி முன்னின்று 794 பேரிடம் நடத்திய ஆய்வு, 2023இல் வந்தது. நம்மூர் நோய், நம்மூர் ஆய்வு. நான் படித்ததோ ஒரு வருடம் கழித்து, அதுவும் ஐசியூவில் ஒருவருக்கு டாக்ஸியை மட்டும் ஓட்டிய பிறகு.

— மாவட்டத் தலைமை மருத்துவமனை

நோட்டில் ஏற்றிவிட்டேன் மேடம். எங்கள் சிஸ்டர் இப்போது காய்ச்சல் கேஸ் என்றால் எனக்கு முன்பே திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் அக்குள், தொடையிடுக்கு எல்லாம் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணுமில்ல சார், நீங்க ஆரம்பிங்க" என்கிறார்.

— கிளினிக் வைத்து 24 வருடம்