பீஸ் ஆற்றில் சுறாப் பல் தேடுவது எப்படி?

ஈசூன் அம்மா:
வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஃபுளோரிடாவில் வசிக்கும் என் அண்ணன் வீட்டுக்குச் செல்கிறோம். தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகள், அங்குள்ள பீஸ் ஆற்றில் சுறாக்களின் புதைபடிவப் பற்களைத் தேடியே தீரவேண்டும் என்கிறாள். எப்படித் தேடுவது, அனுமதி வேண்டுமா? புறப்படுமுன் இங்கே சிங்கப்பூரிலேயே ஏதாவதோர் ஓடையில் பழகிப் பார்க்க இயலுமா?

ஆற்றுச்சரளை:
அங்கே படித்த நாள்களில் பலமுறை அந்த ஆற்றில் இறங்கியிருக்கிறேன். மழைக்காலம் முடிந்து நீர் வடிந்திருக்கும் என்பதால் டிசம்பர் நல்ல மாதம்தான். முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் மணலை எவ்வளவு அள்ளினாலும் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. கனமான பற்கள் சரளைக்கற்களோடு சேர்ந்தே தங்குவதால், ஒரு கம்பியால் ஆற்றின் அடியைக் குத்திப் பார்த்து, நறநறவென்ற அதிர்வு கைக்கு எட்டும் இடத்தில் மண்வெட்டியால் அள்ளிச் சல்லடையில் இட்டு, நீருக்குள்ளேயே அலச வேண்டும். கண்ணளவு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் உள்ள சல்லடை போதும். குழந்தை முழங்கால் ஆழத்தைத் தாண்ட வேண்டாம். அந்த ஆற்றில் முதலைகள் உண்டு.

சுறாப் பற்களை எடுக்க அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆனால் அரசுக்குரிய நிலத்திலும் நீரிலும் முதுகெலும்புள்ள பிற விலங்குகளின் புதைபடிவங்களை எடுக்க ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அரும்பொருளகம் வழங்கும் சீட்டு வேண்டும். அதே சல்லடையில் குதிரைப் பல்லும் கடற்பசுவின் விலா எலும்பும் வந்து சேரும் என்பதால், சீட்டைப் பெற்றுக்கொண்டே செல்லுங்கள்.

பாறை வாசகன்:
இங்கே பழகுவதைப் பற்றி: புக்கிட் தீமாவின் பாறை, பூமிக்கடியில் உருகிய குழம்பு இறுகி உண்டான கருங்கல் என்பதால் அதில் பல்லோ எலும்போ இருக்க வழியில்லை. மேற்கே ஜூரோங் பக்கத்துப் படிவுப் பாறைகளில் சிப்பி, தாவரப் பதிவுகள் கிடைத்திருக்கின்றன. ஆனாலும் பீஸ் ஆற்றைப் போலப் பல் திரளும் சரளை நம் கால்வாய்களில் இல்லை. இயற்கை வனப்பகுதிகளிலிருந்து எதையும் எடுப்பதும் குற்றம். அதைவிட, மீன்தொட்டிக்குப் போடும் கருஞ்சரளையில் கடையில் வாங்கிய நான்கைந்து பற்களைக் கலந்து தேடச் சொல்லுங்கள். முக்கோண வடிவத்தையும் மேற்பூச்சின் பளபளப்பையும் கண் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஈசூன் அம்மா:
இருவருக்கும் மிக்க நன்றி. கருமை கூடக் கூடப் பல் பழையது என்று மகள் எங்கோ படித்தாளாம். சரிதானா?

பாறை வாசகன்:
இல்லை. நிறம், பல் புதைந்திருந்த மண்ணிலுள்ள தாதுக்களைப் பொறுத்தது. பீஸ் ஆற்றில் கருமைக்குக் காரணம் பாஸ்பேட் படிவுகள். வயதை எந்தப் படிவு அடுக்கிலிருந்து வந்தது, எந்த இனம் என்பவற்றைக் கொண்டே கணிக்கிறார்கள். மெகலோடன் சுறா ஏறத்தாழ 3.6 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அழிந்துவிட்டதால், அதன் பல் எந்த நிறத்தில் இருந்தாலும் அதைவிட இளையதாக இருக்க முடியாது. இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள்: தமிழ்நாட்டில் அரியலூர் வட்டாரத்தின் கிரெட்டேசியக் காலக் (டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் கடைசிப் பகுதி) கடற்படிவுகளிலும் சுறாப் பற்கள் கிடைத்துள்ளன.

ஈசூன் அம்மா:
அவள் அப்பாவின் ஊர் அரியலூருக்குப் பக்கந்தான்! இனி அடுத்த விடுமுறைப் பயணத்தையும் அவளே முடிவு செய்துவிடுவாள்.