மறு: ஃபிஷிங் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

செ. (தருமபுரி), திங்கள், காலை 7.40

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் ஊர் நூலகத்தில் ஓய்வூதியர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன். மின்னஞ்சல், இணைய உலா, பணம் அனுப்பும் செயலி, இவற்றில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று இரண்டு பக்கத் துண்டறிக்கை. வெள்ளி மாலைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். உலாவி, கடவுச்சொல், இணைப்பு எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. வங்கி, மின்வாரியம் என்று வேடமிட்டுச் செய்தி அனுப்பி ஏமாற்றும் ‘ஃபிஷிங்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

மாதிரிக்கு வைத்திருப்பது எனக்கே வந்த குறுஞ்செய்தி. சென்ற மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும் என்று இருந்தது. கட்டணத்தை நாலு நாள் முன்பே கட்டியவள் நான்தான். ரசீது மேசை மேலேயே கிடந்தது. ஆனாலும் கை தானாக அந்த எண்ணை அழுத்திவிட்டது. மறுமுனையில் பேசியவர் மிகவும் மரியாதையாக ஒரு செயலியை இறக்கச் சொன்னார். பேரன் போனைப் பிடுங்கியதால் தப்பித்தேன். இதற்கு என்ன பெயர்?

ம. (சென்னை), திங்கள், காலை 10.15

அம்மா, மென்பொருள் தமிழாக்கத்தில் நான் ‘ஃபிஷிங்’ என்றே விட்டுவிடுகிறேன். செய்தித்தாளில் அதுதான் வருகிறது, வங்கி அனுப்பும் எச்சரிக்கையிலும் அதுதான். நாளை யாராவது தேடிப் படிக்க நினைத்தாலும் அந்தச் சொல்லைக் கொண்டுதான் தேட முடியும். புதுச்சொல் கொடுத்தால் நம் ஏழு பேருக்கு மட்டும் புரியும்.

வே.கு. (தஞ்சாவூர்), திங்கள், மாலை 6.02

தேடத் தெரிந்தவருக்கு வகுப்பே வேண்டாம், தம்பி. அயற்சொல்லை அப்படியே எடுப்பதானால் ‘வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ’ என்ற தொல்காப்பிய நெறியை ஆங்கிலத்துக்கும் நீட்டி ‘பிசிங்கு’ என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன். தும்மல் மாதிரி இருக்கிறது.

வெளியே போகவே வேண்டாம். 931ஆம் குறள்: ‘வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’. இங்கே பொன் என்பது இரும்பு. இரை என்று நினைத்து மீன் விழுங்குவது தூண்டில் முள்ளை. ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது’ என்று வரும் மின்னஞ்சலுக்கு இதைவிட நல்ல உரை யார் எழுத முடியும்? என் பரிந்துரை ‘மின்தூண்டில்’. தூண்டில் என்பதே ‘தூண்டு’ என்ற வினையடியாகப் பிறந்ததுதான். திரியைத் தூண்டுகிறோம், ஆளைத் தூண்டிவிடுகிறோம். ‘இன்று இரவு 9.30’ என்பதும் தூண்டல்தானே!

ஜோ. (தூத்துக்குடி), செவ்வாய், காலை 5.50

ஐயா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். அப்பா கடலுக்குப் போனவர், அந்த உரிமையில் சொல்கிறேன். தூண்டில் போடுகிறவர் நரம்பை (தூண்டில் கயிற்றை) கையில் பிடித்துக்கொண்டு ஒரு மீனுக்காகக் காத்திருப்பார். இந்த ஆட்கள் ஒரே செய்தியை லட்சம் பேருக்கு அனுப்புகிறார்கள். அது வலைவீச்சு. ஒருத்தரின் பெயர், வேலை, மேலதிகாரி எல்லாம் தெரிந்துகொண்டு அவருக்கென்றே எழுதி அனுப்பினால்தான் தூண்டில்.

ம., செவ்வாய், காலை 9.30

அண்ணா, ‘வலைவீச்சு’ நல்ல சொல்தான். ஆனால் ‘தப்பியோடிய ஆசாமிக்கு போலீசார் வலைவீச்சு’ என்று தினமும் படிக்கிறோமே. நம் துண்டறிக்கையில் போலீசார் மோசடிக்காரர்கள் ஆகிவிடுவார்கள். தவிர, வலை என்றாலே இப்போது இணையம். வலைத்தளம், வலைப்பதிவு, அப்புறம் வலைவீச்சு!

ஜோ., செவ்வாய், காலை 9.41

சரி, வலையை விடுங்கள். நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கில் முள் கட்டி விடுவதும் உண்டு. அதுவும் தூண்டில் தொழில்தான். ஐயா பக்கமே வருகிறேன்.

தே. (யாழ்ப்பாணம்), செவ்வாய், இரவு 8.20

எங்கட பக்கம் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கு: சுத்துமாத்து. சின்னப் பிள்ளையில் இருந்து கிழவி வரைக்கும் விளங்கும். ‘மின்சுத்துமாத்து’ எண்டு போட்டால் ஒருத்தரும் அகராதி புரட்டத் தேவையில்லை. மின்தூண்டில் எண்டால் பற்றரி போட்ட தூண்டில் எண்டுதான் என்ர மாமா நினைப்பார்.

வே.கு., புதன், காலை 6.15

சுத்துமாத்து எல்லா ஏமாற்றுக்கும் பொது. எடையில் குறைத்தாலும் அதுதான், காணி எழுத்தில் ஏமாற்றினாலும் அதுதான். நமக்கு வேண்டியது இந்த ஒரு வகைக்கான பெயர். மேலும் ‘சுற்றுமாற்று’ என்று திருத்தி எழுத வேண்டிவரும்.

தே., புதன், காலை 6.40

திருத்தினால் விளங்காது, ஐயா. அதுதான் நான் சொல்ல வாறது.

ம., புதன், மதியம் 1.05

ஆங்கிலக்காரர் மட்டும் என்ன தூய்மை பார்த்தாரா? 1990களின் நடுவில், பிறர் கணக்குகளைத் திருடிய ஆட்கள் தொலைபேசித் திருட்டுக்கிருந்த பழைய குழூஉக்குறியின் (phreaking) சாயலில் மீன்பிடித்தலின் (fishing) முதல் எழுத்தை ph என்று மாற்றி எழுதினார்கள். எழுத்துப்பிழையே சொல்லாகிவிட்டது.

எனக்கு வேண்டியது வினையாகவும் ஓடும் சொல். குறுஞ்செய்தியில் வந்தால், தொலைபேசிக் குரலில் வந்தால், க்யூஆர் கட்டத்தை ஒட்டி வைத்தால் என்று கிளைகளுக்கும் பெயர் வேண்டும். ‘குறுஞ்செய்தித் தூண்டில்’, ‘குரல் தூண்டில்’ நன்றாகவே ஓடுகின்றன. ‘தூண்டிலில் சிக்கினார்’ என்றும் எழுதலாம். ‘மின்’ வேண்டாம், ‘தூண்டில் மோசடி’ என்று போட்டால் மாமாவுக்கும் பற்றரி நினைவு வராது.

சொல் எதுவானாலும் கீழே இவற்றைச் சேருங்கள், அம்மா. உலாவியில் முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று பழைய அறிக்கைகளில் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அல்ல. திருடனும் பூட்டு வாங்கலாம். ஜனம் தப்பாகப் புரிந்துகொள்கிறது என்றுதான் குரோம் உலாவி 2023இல் அந்தப் படத்தையே மாற்றியது. இணைய முகவரியைத் தபால் முகவரி மாதிரி படிக்கச் சொல்லுங்கள்: கதவு எண்ணும் தெருவும் எதுவாகவும் இருக்கலாம், கடைசியில் வருவதுதான் ஊர். முதல் தனிச் சாய்கோட்டுக்கு (/, தொடக்கத்து இரட்டைக் கோடு அல்ல) ஒட்டி முன்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். வங்கிகளுக்கு மட்டும் ‘பேங்க்.இன்’ (bank.in) என்று முடியும் முகவரி கொடுத்து, 2025 அக்டோபர் 31க்குள் மாறச் சொல்லி ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. அதையும் எழுதுங்கள்.

வே.கு., புதன், இரவு 9.48

தூண்டிலிலிருந்து தப்பியவருக்கும் ஒரு பெயர் வேண்டாமா? அகநானூறு 36இல் நக்கீரர் காட்டும் வரால் ‘கொடுவாய் இரும்பின் கோளிரை துற்றி’, ஆம்பல் இலை கிழிய, குவளை மலர் சிதையப் பாய்கிறது. வேட்டுவன் ‘வாங்க வாராது’ முரண்டுகிறது. அங்கே வாங்குதல் என்றால் இழுத்தல். கடையில் பொருள் ‘வாங்குவது’ என்ற இன்றைய பொருளும் அந்த இழுப்பிலிருந்து வந்ததுதானோ என்று முப்பது ஆண்டுகளாக எனக்கொரு ஐயம். வில்லை வாங்குதல், வளைதல், வணங்குதல்…

செ., வியாழன், காலை 7.10

ஐயா, வணக்கம். நாளைக்கு அச்சகம்.

ஓட்டு எடுத்துவிடலாமா? ஒன்று, ஃபிஷிங். இரண்டு, மின்தூண்டில். மூன்று, தூண்டில் மோசடி. நான்கு, சுத்துமாத்து.

ம., வியாழன், இரவு 10.30

எண்ணிவிட்டேன். மூன்றாவதற்கு நான்கு. இரண்டாவதற்கு ஒன்று (ஐயா). நான்காவதற்கு ஒன்று. ஒருவர் ‘எதையாவது போடுங்கள்’ என்று எழுதியிருக்கிறார். அதையும் மூன்றாவதில் சேர்த்துவிட்டேன்.

தே., வியாழன், இரவு 10.52

என்ர மறுப்பைப் பதிஞ்சு வையுங்கோ.

செ., ஞாயிறு, காலை 8.05

வகுப்பு முடிந்தது. இருபத்திரண்டு பேர் வந்தார்கள். ‘தூண்டில் மோசடி’ என்று பெரிய எழுத்திலும் ‘ஃபிஷிங் என்று செய்தித்தாளில் வருவது இதுதான்’ என்று கீழே சின்ன எழுத்திலும் அச்சிட்டேன். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு (இணையக் குற்ற உதவி எண்) அழைக்க வேண்டும் என்பதைக் கடைசியில் கட்டம் கட்டிப் போட்டேன். பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண் போடத் தேவையே இல்லை என்று சொன்னபோது மூன்று பேர் திகைத்துப்போனார்கள். அதில் ஒருவர் அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர்.

மின் இணைப்புச் செய்தியைத் திரையில் காட்டினேன். தூண்டிலை விளக்கிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் இருந்த விவசாயி ஒருவர் குறுக்கிட்டார். “டீச்சர், எங்கள் ஊர் ஏரி வறண்டு எத்தனையோ வருசம் ஆச்சு. எலிப்பொறியில் மசால்வடை வைக்கிறோமே, அதுதானே இது?” அப்புறம் வகுப்பு முழுவதும் அந்தச் சொல்தான். கிளம்பும்போது ஒரு பாட்டி பேத்தியிடம், “இந்த மெசேஜில் வடை இருக்குதா பாரு” என்று போனை நீட்டினார்.

அடுத்த பதிப்புக்கு என்ன செய்யலாம்?

வே.கு., ஞாயிறு, காலை 8.11

பொறி! இயந்திரம், ஐம்பொறி, தீப்பொறி எல்லாம் இதற்குள் இருக்கின்றன. நான்கு குறிப்புகள் வைத்திருக்கிறேன். மாலையில் விரிவாக எழுதுகிறேன்.