முதல் பைக்பேக்கிங் ட்ரிப்ல நீங்க வாங்குன பல்பு என்ன? என் கதைய முதல்ல சொல்லிடறேன்

பைக்பேக்கிங்னதும் மோட்டார் பைக்னு நினைச்சு உள்ள வந்தவங்க அப்படியே திரும்பிடலாம், இது மிதிக்கிற சைக்கிள் கதை. ஃப்ரேம்லயே பையெல்லாம் கட்டிக்கிட்டு டென்ட்டும் தூக்கிக்கிட்டு தார் ரோடு இல்லாத பாதையா பார்த்துப் போறது.

நான் என்ன பண்ணேன்னா முதல்ல சைக்கிள் வாங்குனேன், அப்புறம் பை வாங்குனேன், கடைசியாதான் எங்க போறதுன்னே யோசிச்சேன். வரிசையே தலைகீழ். ரூட்ட முதல்ல முடிவு பண்ணியிருந்தா அந்த சைக்கிள தொட்டே இருக்க மாட்டேன். மண், ஜல்லி ரோட்டுல ஓட்டுற கிராவல் சைக்கிள், முன்னாடி 40 பல்லு, பின்னாடி பெரிய பல்சக்கரம் 34. வெறும் வண்டியா ஓட்டுனா பறக்கும். 14 கிலோ சாமானோட மேடு ஏறுனேன் பாருங்க, மூணாவது வளைவுல இறங்கித் தள்ள ஆரம்பிச்சவன் சாயங்காலம் வரைக்கும் தள்ளிக்கிட்டேதான் இருந்தேன். வந்து உக்காந்து கணக்கு போட்டா, இருக்கறதுலயே லேசான கியர்ல பெடல் ஒரு சுத்து சுத்துனா வண்டி சுமார் 2.6 மீட்டர் போகுது. அப்புறம் முன்னாடி 32, பின்னாடி 46 மாத்துனேன், இப்ப சுத்துக்கு ஒன்றரை மீட்டர் சொச்சம்தான். நடக்குற வேகம்தான், ஆனா உக்காந்துக்கிட்டே போறேன்ல. (பின்னாடி பெருசு போடறதுக்கு முன்னாடி உங்க டீரெயிலர், அதான் செயின ஒரு பல்சக்கரத்துலருந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற பாகம், எத்தனை பல்லு வரைக்கும் ஏத்துக்கும்னு பாருங்க. நான் பார்க்காம கேசட்ட, அதாவது பின்னாடி பல்சக்கர அடுக்க வாங்கி, அப்புறம் டீரெயிலரும் வாங்குன ஆளு.)

அடுத்து பை. சீட்டுக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்குமே சாடில் பேக், இடம் நிறைய இருக்கேன்னு டூல்ஸ், பவர் பேங்க், ஸ்டவ் எல்லாத்தையும் வால் பக்கமா திணிச்சுட்டேன். எழுந்து நின்னு மிதிக்கிறப்போ நான் ஒரு பக்கம் அது ஒரு பக்கம், மாட்டு வால் மாதிரி ஆடுது. அது கூட பரவால்ல, ஒரு நீள இறக்கத்துல ஸ்ட்ராப் தளர்ந்து பையோட அடிப்பக்கம் டயர்ல ஒரசிக்கிட்டே வந்திருக்கு, எனக்கு ஏதோ கருகுற வாடை வருதுன்னு மட்டும்தான் தெரியுது, பிரேக் சூடாயிடுச்சு போலன்னு நினைச்சு அடிக்கடி பிரேக்க விட்டு விட்டுப் பிடிச்சுக்கிட்டு வரேன். கீழ வந்து பார்த்தா உள்ளங்கை அளவு ஓட்டை, அது வழியா ஒரு சாக்ஸ் எட்டிப் பார்க்குது. அதோட ஜோடி எந்த வளைவுல விழுந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

இப்பல்லாம் கனமானது எதுவா இருந்தாலும், தண்ணி, டூல்ஸ், எல்லாம் ஃப்ரேம் முக்கோணத்துக்குள்ள, முடிஞ்ச வரைக்கும் கீழ. பின்னாடி ஸ்லீப்பிங் பேக்கும் துணியும் மட்டும்தான்.

உங்க கதைய சொல்லுங்க.

*

ப்ரோ உங்களுக்கு மேடு, எனக்கு சேறு. மேப் ஆப்ல கோடு போட்டுச்சுன்னு அப்படியே ஜிபிஎஸ்ல ஏத்திக்கிட்டு கிளம்புனவன் நான். 62 கிலோமீட்டர், மத்தியானத்துக்குள்ள முடிச்சுடலாம்னு நினைப்பு. முந்தின நாள் ராத்திரி மழை பேஞ்சிருக்கு, பாதை ஃபுல்லா களிமண். முதல் அம்பது அடி ஓடுச்சு, அப்புறம் டயர் சுத்த சுத்த மண்ணு சேலை சுத்துன மாதிரி சுத்திக்கிட்டே வந்து ஃப்ரேமுக்கும் டயருக்கும் நடுவுல அடைச்சு சக்கரம் டப்புனு நின்னுடுச்சு. தள்ளவும் முடியல, உருண்டாத்தானே தள்ளறதுக்கு. ஒரு குச்சிய ஒடிச்சு நோண்டி எடுக்குறேன், பத்தடி போறேன், மறுபடி நோண்டுறேன். 3 கிலோமீட்டருக்கு நாலு மணி நேரம் ஆச்சுன்னா யாராவது நம்புவாங்களா?

தப்பு ரெண்டு. ஃப்ரேம்ல அதிகபட்சம் 45 மிமீ டயர் போகும்னு போட்டிருந்துச்சு, நானும் சரியா 45 போட்டேன். காஞ்ச தரையில ஓகே, சேத்துக்கு அந்த சந்துல இடமே இல்ல. இப்ப சுண்டு விரல் நுழையற அளவுக்காவது ரெண்டு பக்கமும் இடம் விட்டுத்தான் டயர் போடறேன். ரெண்டாவது, கோட்ட நம்புனது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்னு மக்களே சேர்ந்து போடற இலவச மேப் இருக்கு, அதுல மண் பாதைகளுக்கு கிரேடு 1லருந்து 5 வரைக்கும் குறிச்சிருப்பாங்க, 1னா கெட்டியான தரை, 5னா வெறும் மண்ணு, புல்லு. நான் போனது 5. பார்க்கவே இல்ல. இப்ப சாட்டிலைட் படத்தையும் பெருசு பண்ணி பார்க்காம கிளம்பறதில்ல, சக்கரத் தடம் ரெண்டு கோடா தெரிஞ்சா வண்டி போகுதுன்னு அர்த்தம், பச்சையா மூடியிருந்தா நம்ம கதி அதோ கதி.

வட அமெரிக்காவுல கிரேட் டிவைட்ங்கற நீளமான சைக்கிள் ரூட்ல போறவங்களே நியூ மெக்சிகோ பக்கம் மழை பேஞ்சா மண்ணு காயட்டும்னு உக்காந்துடுவாங்களாம். இது தெரிஞ்சதும்தான் மனசு ஆறுச்சு.

*

நானும் ஒண்ணு சொல்றேன், கிலோமீட்டர மட்டும் பார்க்காதீங்க. 60 கிலோமீட்டர்ல 600 மீட்டர் ஏத்தம்னு ஆப் சொல்லும். அந்த 600ம் கடைசி 8 கிலோமீட்டர்லயே இருக்கும்னு அது சொல்லாது, கீழ இருக்கற ஏத்த இறக்க கிராஃப நாமதான் பார்க்கணும். பார்க்கல. தண்ணியும் காலி.

*

எனக்கு வேற மாதிரி அண்ணா. வண்டி, பை, ரூட் எல்லாம் ஓகே, ராத்திரிதான் கொன்னுடுச்சு. ஸ்லீப்பிங் பேக் மேல 0 டிகிரின்னு பெருசா போட்டிருந்துச்சு, வெளிய 3 டிகிரிதான், தைரியமா படுத்தேன். விடிய விடிய நடுக்கம். அந்த பெரிய எழுத்துல இருக்கறது லிமிட் டெம்பரேச்சராம், அதாவது சுருண்டு படுத்தா சமாளிக்கலாம்ங்கற அளவு. கம்ஃபர்ட்னு உள்ள லேபிள்ல பொடி எழுத்துல வேற நம்பர் இருக்கு, என்னோடதுல 5. நான் குளிர் தாங்காத ஆளு வேற.

அதுல பாதி குத்தம் கீழ விரிச்ச பாய் மேலயும் இருக்கு. நாம படுத்தா முதுகுக்கு கீழ ஸ்லீப்பிங் பேக்கோட பஞ்சு நசுங்கிடும், அங்க அதால பிரயோஜனமே இல்ல, தரையோட குளிர தடுக்கறது பாய் மட்டும்தான். எடை கம்மின்னு மெல்லிசா ஒண்ணு எடுத்துட்டுப் போயிருந்தேன். 200 கிராம் மிச்சம் புடிச்சு ஒரு ராத்திரி தூக்கத்த தொலைச்சேன். பாய் வாங்குறப்போ ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் இருக்கும், அது எவ்ளோ கூடவோ அவ்ளோ நல்லா குளிர தடுக்கும்.

*

டீரெயிலர் ஹேங்கர், அதான் டீரெயிலர ஃப்ரேமோட சேர்க்கற சின்ன உலோகத் துண்டு, அது பத்தி யாருமே சொல்லலையா? வண்டி வலது பக்கமா சாஞ்சு விழுந்துச்சு, ஓட்டுறப்போ கூட இல்லங்க, மரத்துல சாய்ச்சு வச்சிருந்தது. ஹேங்கர் வளைஞ்சது எனக்குத் தெரியல. மேட்டுக்கான லோ கியர் போட்டதும் டீரெயிலர் போய் ஸ்போக்ல மாட்டி ஹேங்கர் படக்குனு ஒடிஞ்சுது. ஃப்ரேம் தப்பிக்கட்டும்னே அத ஒடியற மாதிரி செஞ்சிருக்காங்க, நல்லதுதான், ஆனா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒவ்வொரு டிசைன், வேற வண்டியோடது சேராது.

செயின கட் பண்ணி டீரெயிலர் இல்லாமலே ஒரே கியரா மாட்டுனேன். கொஞ்சம் அழுத்தி மிதிச்சா செயின் தானா பக்கத்துல இருக்கற பெரிய பல்லுக்கு தாவி வீணைத் தந்தி மாதிரி இறுகிக்குது, இறங்கி எடுத்து மாட்டணும். 38 கிலோமீட்டர் அப்படியே. இப்ப ஸ்பேர் ஹேங்கர சாடில் பேக்ல போடறதில்ல, சீட்டுக்கு அடியில டேப் போட்டே ஒட்டி வச்சிருக்கேன், மறக்கவே முடியாது. கூடவே அறுந்த செயின மறுபடி இணைக்கற குயிக் லிங்க் ரெண்டு.

*

ஹேங்கர சீட்டுக்கு அடியில ஒட்டுறது சூப்பர், இன்னைக்கே பண்ணிடறேன். களிமண் நண்பருக்கு ஒரு கேள்வி, 45 போகற ஃப்ரேம்ல இப்ப என்ன சைஸ் டயர் ஓட்டுறீங்க, 40ஆ? கல்லு பாதையில காத்து குறைச்சு ஓட்டுனா ரிம் அடி வாங்கலையா?